கரவனுக்குள் பால் காய்ச்சிய சனிக்கிழமை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால்தான் என் கோபம் ஓரளவு கட்டுக்குள் நிற்கும்.

1. சென்ற ஆண்டு வசந்தகாலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, லண்டன் கிங்ஸ்பரியில் என் மாமா வீட்டு வாசலில் நின்ற ஒரு பழைய கரவனுக்குள் பால் காய்ச்சினார்கள்.

2. அந்தக் கரவன் என்னுடையது.

3. அதன் காஸ் குழாயில் ஒழுக்கு இருந்தது. இது எல்லோருக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

4. நான் கழற்றிவிட்ட காஸ் இணைப்பை, நான் இல்லாத நேரம் பார்த்துத் திரும்பப் பூட்டினார்கள்.

5. தரையில் இருந்த காற்றுத் துளைகளை அடைத்தார்கள். கதவையும் ஜன்னல்களையும் மூடினார்கள்.

6. உள்ளே என் அப்பாவை இருத்தினார்கள்.

7. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஏழாவதைக் காட்டித்தான் மற்ற ஆறையும் மறந்துவிடச் சொல்கிறார்கள். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே பிள்ளை, விடன்." என்னால் விட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகும் சக்கர வீடு. கோடை வந்தால் இந்த நாட்டு நெடுஞ்சாலைகளில் ஊர்ந்து ஊர்ந்து, பின்னால் வருகிறவர்களிடம் சாபம் வாங்கிக்கொண்டு போகுமே, அதுதான். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்றை யாரும் வாங்கியதில்லை. நான் வாங்கியதற்குக் காரணம் அப்பா.

அப்பா லண்டனில் பஸ் ஓட்டியவர். எத்தனையோ வருடங்கள், பெரும்பாலும் ஒரே பாதை. லீவு நாட்களிலும் ஓவர்டைம் செய்வார். எங்களுக்கு ஊர் சுற்றல் என்றால் வேறு நகரத்தில் யாருக்காவது கலியாணம், அவ்வளவுதான். ஓய்வு எடுத்ததும் பிரிட்டனின் கரையோரம் முழுவதையும் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு எடுக்கும் முன்பே பாரிசவாதம் வந்துவிட்டது.

இப்போது அவருக்கு வலது பக்கம் பலவீனம். பேச்சு வரும், ஆனால் மெதுவாக வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அவர் தேடிக்கொண்டிருப்பது முகத்தில் தெரியும். அந்த இடைவெளியில் மற்றவர்கள் புகுந்து வசனத்தை முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் பிழையாக முடிப்பார்கள். அவரும் களைத்துப்போய், சரி என்று தலையாட்டிவிடுவார்.

அவர் வீட்டை விட்டு வெளியே போக விரும்பாததற்கு ஒரே காரணம்தான்: கழிப்பறை. கைபிடி இல்லாத இடத்தில் அவரால் தனியாக எழும்ப ஏலாது. இன்னொருவர் வந்து தூக்கிவிடுவதை அவர் விரும்பவில்லை. உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கக்கூடச் சம்மதிக்க மாட்டார். ஹோட்டல் என்றாலே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவார்.

நான் கட்டடங்களுக்குக் காற்றோட்டம், சூடு, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை வடிவமைக்கும் பொறியியலாளர். எனக்கு விடை நேராகவே தெரிந்தது. அப்பா வெளியே போக மாட்டார் என்றால், அவருடைய கழிப்பறையும் கட்டிலும் அவரோடு சேர்ந்து போகட்டும். சரியான உயரத்தில் கைபிடி, சரியான உயரத்தில் கட்டில், அகலமான ஒரு படி. கோடையில் கடற்கரை. அப்பாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் தேடி, "நல்ல... யோசினை" என்றார். பாரிசவாதத்திற்குப் பிறகு அவர் எதையாவது நல்லது என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

லண்டனுக்கு வெளியே ஒரு வயதான தம்பதியிடம் வாங்கினேன். மழைநீர் கூரைத் தகடுகள் சேரும் தையலால் இறங்கி, முன்மூலைச் சுவர் ஊறிப்போயிருந்தது. விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது. உட்பலகையைப் பிரித்துப் பார்த்தால் சட்டங்கள் கறுத்து, கையோடு பிய்ந்து வந்தன. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பழைய கரவன் வாங்குகிறவர்கள் ஈரத்தைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

நாங்கள் பிளேஸ்டோவில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கரவன் நிறுத்த இடமில்லை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கிங்ஸ்பரியில் தன் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்தைத் தந்தார். தன் காரை வீதியில் விட்டுவிட்டு எனக்கு இடம் தந்தார். அது பெரிய உதவி. இன்றைக்கும் நான் அதை மறுக்கவில்லை.

முதல் நாளே காஸைச் சோதித்தேன். அடுப்புக்குக் கீழே, அலுமாரிக்குள், செப்புக் குழாய் பொருந்தும் இடம் பச்சை பூத்துப்போயிருந்தது. சவர்க்கார நுரை பூசினேன். குமிழி ஊதிக்கொண்டு வந்தது. அப்போதே சிலிண்டரை மூடிக் கழற்றி, காஸ் விற்கும் கடையில் கொடுத்துவிட்டேன். குழாய் வேலையை உரிமம் உள்ள ஒருவரைக் கொண்டு செய்விப்பதாக இருந்தேன். அடுப்பின் மேல் சிவப்பு நாடாவைக் குறுக்காக ஒட்டி, "காஸ் ஒழுகுகிறது. பற்றவைக்க வேண்டாம்" என்று தமிழில் பெரிதாக எழுதி வைத்தேன். தமிழில் எழுதியது வேண்டுமென்றுதான்.

எழுதியதோடு நிற்கவும் இல்லை. மாமா வீட்டில் தேநீர் குடிக்கும்போது எல்லோருக்கும் விளக்கினேன். இந்தக் காஸ் காற்றை விடப் பாரமானது. மேலே போகாது. தண்ணீரைப் போல நிலத்தில் தேங்கும். அதனால்தான் கரவனின் தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். ஒழுகினாலும் கீழே வடிந்து வெளியே போய்விடும். மாமா கவனமாகக் கேட்டார். "ஓம், ஓம், விளங்குது" என்றார். பிறகு மாமியிடம் திரும்பி, "பாத்தீரே, எங்கடை பிள்ளையின்ரை மூளையை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சடங்கு பற்றிய பேச்சு.

வேலை தொடங்கும் முன் ஏதாவது செய்யவேண்டும் என்றார் அம்மா. வாகனம் என்றால் எலுமிச்சங்காய். சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றி நசித்தால் போதும். வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். புதுப் பானையில் பால் பொங்கி வழிய வேண்டும். அப்படியென்றால் கரவன் வாகனமா, வீடா? இந்தக் கேள்வி கிங்ஸ்பரிக்கும் பிளேஸ்டோவுக்கும் இடையில் ஒரு கிழமை முழுவதும் தொலைபேசியில் ஓடியது.

மாமி தீர்ப்புச் சொன்னார். "அதுக்குள்ள குசினி இருக்கு. படுக்கை இருக்கு. கக்கூஸும் இருக்கு. இனி என்ன வேணும் வீடெண்டு சொல்ல?"

"சக்கரமும் இருக்கே மாமி," என்றேன்.

"அப்ப ரெண்டையும் செய்வம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது எனக்குக் கோபமே இல்லை. சடங்குகளுக்கு நான் எதிரியும் அல்ல. நான் சொன்னது இவ்வளவுதான்: எலுமிச்சங்காய் நசியுங்கள், தேங்காய் உடையுங்கள், எல்லாம் வெளியே. பால் காய்ச்சத்தான் வேண்டுமென்றால் மாமா வீட்டு மின் அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்து வையுங்கள். கரவனுக்குள் நெருப்பு வேண்டாம். எல்லோரும் சரி என்றார்கள். சரி என்றுதான் சொன்னார்கள். நான் கற்பனை செய்யவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் வாடகை வான் ஒன்றை எடுத்துக்கொண்டு சட்டங்களும் ஒட்டுப்பலகையும் வாங்கப் போயிருந்தேன். அம்மாவும் அப்பாவும் முன்னதாகவே டாக்சியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். மரக்கடையில் கூட்டம். அம்மாவிடமிருந்து போன் வந்தது. "எங்க நிக்கிறாய்? நல்ல நேரம் போகப்போகுது, கெதியா வா." தேங்காய் உடைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

வானை வீதியில் நிறுத்திவிட்டு வந்தபோது கரவன் நின்ற இடத்திலிருந்து சற்று முன்னால் தள்ளியிருந்தது. எலுமிச்சங்காயை நசிக்க மாமாவும் இன்னொருவரும் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். உடைத்த தேங்காய் வாசலில் கிடந்தது. கரவன் படியடியில் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்திருந்தன. அவற்றுக்குள் அப்பாவின் சப்பாத்தும் இருந்தது. ஒட்டி மூடும் நாடா வைத்த சப்பாத்து. அதைக் கழற்றவும் போடவும் அவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். கதவு மூடியிருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது.

கதவைத் திறந்தேன். சாம்பிராணிக் குச்சியின் மணம் முகத்தில் அடித்தது. ஒடுக்கமான அந்த இடத்தில் மாமா, மாமி, அம்மா, மாமாவின் நண்பர் ஒருவர், எல்லோரும் தோளோடு தோள் இடிபட்டு நின்றார்கள். அப்பா, புது வேட்டியும் கம்பளிச் சட்டையுமாக, முன்பக்கத்துத் தாழ்ந்த இருக்கையில் இருந்தார். எழும்பப் போகிறவர் போல மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் நீலச் சுவாலை. அதன்மேல் குங்குமப் பொட்டு வைத்த புதுப் பானை.

"வந்திட்டாள்!" என்று மாமி என் கையில் லைட்டரைத் திணித்தார். "விளக்கை நீதான் கொளுத்த வேணுமெண்டு வைச்சிருக்கிறம். வீட்டுக்காரி நீயெல்லோ. கொளுத்து, கொளுத்து, பால் பொங்கப்போகுது."

குத்துவிளக்கு தரையில், ஒரு தட்டத்தின் மேல் இருந்தது. எண்ணெய் விட்டு, திரி போட்டு, எனக்காகக் காத்திருந்தது.

"ஆர் காஸ் பூட்டினது?" என்று கேட்டேன்.

"எங்கடை தம்பிதான்," என்றார் மாமா, நண்பரின் தோளில் தட்டி. அந்த நண்பர் கோழிப் பொரியல் கடை வைத்திருப்பவர். நாங்கள் கடை அண்ணை என்போம். கோயில் திருவிழாவில் வடை சுடுவதற்குப் பாவிக்கும் சிலிண்டரைக் கொண்டுவந்து பூட்டியிருந்தார். "எல்லாம் செக் பண்ணித்தான் பூட்டினவர். நீ ஒண்டுக்கும் யோசிக்காதை."

நான் அடுப்புக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து பார்க்கக் குனிந்தேன். நின்றபோது சாம்பிராணி மணம். குனிந்தபோது வேறு மணம். முழங்கால் தரையில் பட்டதும் அது மூக்கில் அறைந்தது. அழுகிய முட்டைக்கோவாவைப் போன்ற நாற்றம். என் கையில் லைட்டர். என் முழங்காலுக்குப் பக்கத்தில் கொளுத்தக் காத்திருக்கும் விளக்கு. இடுப்பு உயரத்தில் எரியும் அடுப்பு. தரையில் புதிதாக ஒரு கம்பளம் விரித்திருந்தது. துளைகள் இருந்த இடத்தில் அது மேடாக இருந்தது.

எவ்வளவு காஸ் தேங்கியிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை பற்றாமலே போயிருக்கலாம். ஒருவேளை பற்றியிருக்கலாம். அந்த "ஒருவேளை"யை என் வேலையிடத்தில் யாரும் சகிக்க மாட்டார்கள்.

எழும்பி, லைட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டு, அடுப்பை அணைத்தேன். சத்தம் போடவில்லை. "காஸ் ஒழுகியிருக்கு. எல்லாரும் உடனை வெளியிலை போங்கோ. லைட் சுவிச்சைத் தொட வேண்டாம்," என்றேன். 

ஒருவரும் அசையவில்லை.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து பெரியவர்கள், ஒரு சின்னக் கதவு, அந்தக் கதவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நால்வர். நான் சொன்னது விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. விளங்கியது. ஆனால் அவர்கள் பார்த்தது பானையை.

"ஐயோ, பொங்க முதல் நிப்பாட்டிப்போட்டாய்!" என்றார் மாமி.

"அபசகுனம் பிள்ளை, திருப்பிக் கொளுத்து," என்றார் அம்மா. என் சொந்த அம்மா.

"உனக்கென்ன விசரே? இவ்வளவு சனம் நிக்குது, ஒருத்தருக்கும் மணக்கேல்லை, உனக்கு மட்டும் மணக்குதோ?" இது மாமா.

கடை அண்ணை சிரித்தார். "தங்கச்சி, நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் காஸோடைதான் சீவிக்கிறன். புதுசாப் பூட்டினா முதல்லை கொஞ்சம் மணக்கும். அது பேந்து போயிடும்."

"போகாது அண்ணை. குனிஞ்சு பாருங்கோ," என்றேன்.

குனிந்தார். எனக்குப் புத்தி சொல்லுகிற சிரிப்போடுதான் குனிந்தார். சிரிப்பு அப்படியே உறைந்தது. நிமிர்ந்து, "அக்கா, வெளியிலை வாங்கோ. எல்லாரும் வெளியிலை வாங்கோ!" என்றார்.

உடனே எல்லோரும் போனார்கள். நான் சொன்ன அதே சொற்கள். வேகமாக, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமி பானையையும் தூக்கிக்கொண்டு போனார். அப்பாவையும் என்னையும் தவிர எல்லோரும் இறங்கியாயிற்று.

அப்பாவை எழுப்பிக் கூட்டிவர அவசரப்பட முடியாது. அவசரப்பட்டால் வலது கால் மடங்கிவிடும். அவருடைய இடது கையை என் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, அந்த மேட்டுக் கம்பளத்தின் மேல் வந்தோம். படியில் இறங்கும்போது அவர் கை என் தோளை இறுக்கிப் பிடித்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வெறுங்காலோடு குளிர்ந்த சீமெந்தில் நின்றார். வந்து தாங்கிப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பானையைச் சுற்றி நின்று, பாலை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிலிண்டரை மூடினேன். கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். நன்றாகக் காற்றோடிய பிறகு கம்பளத்தைச் சுருட்டினேன். துளைகள் ஒவ்வொன்றிலும் துவாய் திணித்து, மேலே நாடா ஒட்டியிருந்தது.

"அத்தானுக்குக் கால் குளிருமெண்டுதான் அடைச்சனான்," என்றார் மாமா. "கீழாலை அந்தமாதிரிக் காத்து அடிக்குது. புதுத் துவாய் அது, கிழிச்சுப்போடாதை."

அன்பினால்தான் அடைத்தார். அதை நான் நம்புகிறேன். கதவை மூடியதுகூட, காற்றில் சுவாலை அணைந்தால் அபசகுனம் என்பதற்காகத்தான். எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அந்தத் துளைகள் எதற்கு இருக்கின்றன என்று நான் விளக்கியபோது "விளங்குது" என்று சொன்னவரும் அவர்தான். என் சிவப்பு நாடாவும் எழுத்தும் எங்கே என்று தேடினேன். மாமி அதைப் பக்குவமாக மடித்து இழுப்பறைக்குள் வைத்திருந்தார். நாடா இருந்த இடத்தில் சந்தனம் பூசியிருந்தது.

பிறகு நடந்தது இது. மாமி பானையை வீட்டுக்குள் கொண்டுபோய் மின் அடுப்பில் வைத்தார். பால் பொங்கி வழிந்தது. சீனி போட்டு எல்லோருக்கும் கோப்பையில் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. அதுவும் என் குற்றங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. நான் பலகைகளை இறக்கி, வானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, மூவரும் டாக்சியில் திரும்பும்போது அம்மாவின் கவலை வேறு. பால் பொங்கியது மாமா வீட்டில், ஆகவே நன்மை மாமா வீட்டுக்கே போய்விட்டதாம். "எங்கடை கரவனுக்கு ஒண்டுமில்லாமல் போச்சு. அதை வித்துத் துலைச்சிடு பிள்ளை. அப்பா இனி அதுக்குள்ள கால் வைக்க வேண்டாம்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முடித்துவிட்டார்: "பாத்தியே, அப்பாவும் அதைத்தான் சொல்லுறார்." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கரவனை விற்கச் சொல்லி ஒவ்வொருவராகப் பேசினார்கள். ராசியில்லாத வண்டியாம். குழாய் ஒழுகியதற்குப் பச்சை பூத்த பொருத்து காரணமில்லை. நான் பாலைப் பொங்கவிடாததுதான் காரணம் என்கிற மாதிரி இருந்தது பேச்சு. அப்பாவைக் கரவனைப் பார்க்கக் கூட்டிப்போகவும் அம்மா விடவில்லை. நான் கூரைத் தையலை அடைத்தேன், ஊறிய சட்டங்களை வெட்டி எடுத்தேன். ஆனால் யாருக்காகச் செய்கிறேனோ அவரை அதற்குள் ஏற்ற முடியுமா என்று தெரியாமலே செய்துகொண்டிருந்தேன்.

சில கிழமைகள் கழித்து உறவுக்குள் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம், பலூன், ஆட்டிறைச்சிக் கறி. எங்கள் வட்ட மேசையில் மாமா குடும்பம், கடை அண்ணை, நாங்கள். பக்கத்து மேசைக்காரர்களுக்கு மாமா கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி மட்டும் அண்டைக்கு நிக்காட்டி நாங்கள் எல்லாரும் முடிஞ்சம். மூக்கெண்டா அதுதான் மூக்கு! டக்கெண்டு குனிஞ்சார், மணந்தார், எல்லாரையும் வெளியிலை கலைச்சார். இவள் பிள்ளை பயந்துபோய் நிண்டவள், பாவம்."

கடை அண்ணை தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் எழும்பி வந்து அவருக்குக் கைகொடுத்தார். அவரும் கொடுத்தார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். என்ன சொல்வது, எந்த ஒழுங்கில் சொல்வது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அப்பா இடது கையால் மேசையில் தட்டினார். ஒருமுறை இல்லை, எல்லோரும் திரும்பும் வரை தட்டினார்.

"நான்..." என்றார்.

"ஓமோம் அத்தான், நீங்களும் அண்டைக்கு நல்லாப் பயந்திட்டியள்," என்று மாமா முடிக்கப் பார்த்தார்.

அப்பா இந்தமுறை சரி என்று தலையாட்டவில்லை. கையை உயர்த்தி, பஸ்ஸை நிறுத்துகிறவர் போல மாமாவை நிறுத்தினார். பிறகு தேடித் தேடி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"எனக்கு... முதலே... மணந்தது. நான்... எழும்பினனான். நீங்கள்... பிடிச்சு... இருத்தினியள். திரும்ப... எழும்பினனான். திரும்ப... இருத்தினியள். காஸ்... எண்டு... சொன்னனான். ஓம்... பூட்டியாச்சு... எண்டியள்."

அவர் இன்னும் முடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்காக முடித்துவிட யாரிடமும் சொல் இல்லை. அவர் என் பக்கம் விரலை நீட்டினார்.

"என்னை... வெளியிலை... கொண்டுவந்தது... இவள்."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் கதவைத் திறந்தபோது அவர் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது ஏன் என்று. தாழ்ந்த இருக்கை, தரைக்குக் கிட்ட அவர் முகம். எங்கள் எல்லோருக்கும் முதல் அவருக்குத்தான் மணந்திருக்கிறது. பால் பொங்கும் வரை இருங்கோ, இருங்கோ என்று தோளில் கைவைத்து அமத்தியிருக்கிறார்கள். அமத்தியவர்களில் அம்மாவும் ஒருவர். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சரி, சாப்பாடு ஆறுது," என்றார் மாமா.

அடுத்த கிழமை, வாசலில் கார் நிறுத்த இடம் தேவைப்படுகிறது என்று மாமாவிடமிருந்து செய்தி வந்தது. காரணம் வேறு எதுவும் சொல்லவில்லை. நான் கரவனை எட்மண்டனில் வாடகைக்கு எடுத்த ஒரு முற்றத்துக்கு மாற்றினேன். இழுத்துச் செல்லும் நாளில் அம்மா சமைத்து ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார். "அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ," என்றார்.

கடை அண்ணை ஒருநாள் அந்த முற்றத்துக்கு வந்தார். கையில் கோழிப் பொரியல் பொட்டலம். வெகுநேரம் கரவனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, பிழை என்னிலைதான்," என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் நான் சமாதானம் ஆகவில்லை.

"எனக்குத் தனியச் சொல்லாதேங்கோ அண்ணை," என்றேன். "கையை எல்லாருக்கும் முன்னாலைதானே குடுத்தனீங்கள். இதையும் அங்கை சொல்லுங்கோ."

தலையைச் சொறிந்தார். பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆபத்து வந்தபோது என் சொல் போதாமல் இருந்தது. ஆபத்து போன பிறகு, அதே சொல்லை வேறொருவர் வாயில் வைத்து மெச்சினார்கள். இரண்டாவதற்கு வந்த கோபம் எனக்கு முதலாவதை விடப் பெரிது. அது தணிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை, ஏனென்றால் அன்றிலிருந்து அப்பா ஒரு வசனத்தைத் தொடங்கினால், அது எவ்வளவு நேரம் எடுத்தாலும், கடைசிச் சொல் வரும்வரை நான் என் வாயைத் திறப்பதில்லை, மற்றவர்களையும் திறக்க விடுவதில்லை.

இன்றைய நிலை இது. பழைய காஸ் குழாய் முழுவதும் கழற்றியாயிற்று. உரிமம் உள்ளவர் வந்து புதிதாகப் போட்டு, சோதித்துக் கொடுத்துவிட்டார். தரைத் துளைகள் திறந்திருக்கின்றன. எலி வராமல் வலை அடித்திருக்கிறேன். முன்மூலையில் புதுச் சட்டம் ஏறிவிட்டது. பின்மூலைத் தரை இன்னும் ஈரம். கழிப்பறைக் கைபிடியை அப்பாவே இருந்து எழும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மேலே என்று சொன்ன உயரத்தில் பூட்டியிருக்கிறேன். மாமா பேசுவதில்லை. கடை அண்ணை இன்னும் எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை. கடலுக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.